எனக்கொன்றும் அவசரமில்லை

“எத்தனை நாளா இப்படிக் காலத் தூக்கிக்கிட்டே நடக்கறா?”

“வியாழக்கிழமைலேர்ந்து... இல்ல டாக்டர், புதன்கிழமை. மத்தியானம் குப்பை வண்டி வந்துட்டுப் போச்சு, அதுக்கப்புறம்தான்.”

“சாப்பாடு?”

“அதுக்கென்ன கொறச்சல். நேத்து என் கையுறையில ஒண்ண முழுங்கிட்டா.”

கால்நடை டாக்டர் ஃப்ரீசன் சிரித்துக்கொண்டே என் நாய் பீட்ரூட்டின் முன்னங்காலைத் தூக்கி விரல்களுக்கு நடுவே விளக்கடித்துப் பார்த்தாள், நாய் என்னைப் பார்த்தது, நான் ஜன்னலைப் பார்த்தேன்... குப்பை வண்டி போன பிறகு என்று எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேன், ஒரு நாயின் காலுக்கு என்னிடம் கிழமையும் நேரமும் இருக்கிறது, என் புருஷனுக்கு என்ன இருக்கிறது, ஓரெஸ்டின் வயிற்றுக்குள் அந்த ரத்தக்குழாய் எந்தப் புதன்கிழமை வீங்க ஆரம்பித்தது, அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன், துணி மடித்துக்கொண்டா, அவன் சட்டையையா? போன மார்ச்சில் சிறுநீரகக் கல் என்று படம் எடுத்தார்கள், கல் ஒன்றும் இல்லை, ஆனால் இது இருக்கிறது என்றார் ரெஜைனா நகரத்து டாக்டர், பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு இடம் மட்டும் உப்பிக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி என்று விரலை மடக்கிக் காட்டினார், ஐந்தரை சென்டிமீட்டர், வலிக்காது, வலித்தால் அது... என்று ஆரம்பித்து மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கினார். தண்ணீர் நிறைந்த கெட்டிலைவிடக் கனமாக எதையும் தூக்க வேண்டாம் என்றார், எதையும் தள்ள வேண்டாம், அரசாங்கச் செலவில் நடக்கும் ஆபரேஷனுக்குப் பட்டியலில் பேர் போட்டாயிற்று, முறை வரும்போது கூப்பிடுவார்கள், நடுவில் யாராவது வர முடியாமல் போனாலும் கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்கள். பத்து மாதமாக அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் காலையில் எழுந்திருக்கிறேன், எண் தெரியாத அழைப்பு எது வந்தாலும் எடுக்கிறேன், கம்பளம் வெளுக்கிறவர்களிடமும் கப்பல் பயணம் விற்கிறவர்களிடமும் நிமிஷக் கணக்கில் பேசியிருக்கிறேன், நடுவில் ஆஸ்பத்திரி கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்துகொண்டே.

ஜன்னலுக்கு வெளியே எங்கள் வண்டி நிற்கிறது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, மைனஸ் முப்பத்திரண்டில் யார் எஞ்சினை அணைப்பார்கள், புகை மேலே போகாமல் வண்டிக்குப் பின்னாலேயே வெள்ளையாக நின்றுவிட்டது. கண்ணாடிக்குள் ஓரெஸ்டின் கம்பளித் தொப்பி. உள்ளே வா என்றால் வரமாட்டான், நான் இருந்தா நாய் இன்னும் ஜாஸ்தி நடிக்கும் என்றான், நிஜமான காரணம் அவனுடைய காப்பி மேசைக் கூட்டாளி லைல், லைலின் பழைய நீல வண்டியை அவன் வாசலிலேயே பார்த்துவிட்டான். அந்த ஆள் வெளியறையில் பூனைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், நான் நாயோடு உள்ளே நுழைந்ததும் அவன் எழுந்துகூட நிற்கவில்லை, “என்ன வெர்லா, காலைல போன் போட்டு மத்தியானமே டாக்டர் கெடச்சுதா? பேசாம ஓரெஸ்டுக்கு ஒரு வாலை ஒட்டி இங்க கூட்டிட்டு வந்துடு. சாயங்காலத்துக்குள்ள தச்சு அனுப்பிடுவாங்க, புண்ணை நக்காம இருக்க நாய்ங்களுக்கு மாட்டற பிளாஸ்டிக் புனலையும் கழுத்துல மாட்டி.” நான் சிரித்தேன். சிரிக்காமல் எப்படி இருப்பது, இந்த ஊரில் அந்த நகைச்சுவைக்குச் சிரிக்காதவர் இல்லை, எல்லாருக்கும் ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் ஒரு இடுப்பு இருக்கிறது, ஒரு முழங்கால் இருக்கிறது, ஒரு வரிசை இருக்கிறது.

கூட்டுறவுக் கடையில் தினமும் காலை ஒன்பதரைக்கு அவர்கள் கூடும் காப்பி மேசையில் லைலும் ஓரெஸ்டும் இதையேதான் பேசுவார்கள், லைல் ஆரம்பிப்பான், காசு இருக்கறவன் கட்டிட்டுப் போகட்டுமே, வரிசை கொறையும்ல என்பான், உடனே ஓரெஸ்ட் கோப்பையைக் கீழே வைப்பான், “காசு இருக்கறவன் போனா டாக்டரும் அவன் பின்னாடியே போயிடுவான்டா, மடையா. அப்புறம் வரிசையில நீ மட்டும்தான் நிப்ப, பூனையோட.” மேசை முழுக்கச் சிரிக்கும். என் தங்கை புருஷன் எல்லை தாண்டி அமெரிக்காவிலுள்ள மைனாட்டுக்கு அழைத்துப் போகிறேன், செலவை நானே பார்த்துக்கொள்கிறேன், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று எங்கள் சமையலறையிலேயே நின்று கெஞ்சினான், ஓரெஸ்ட் அவனுக்கு இன்னும் இரண்டு பிரோகிக் கொழுக்கட்டைகளை வைத்துவிட்டு, “எனக்கு முன்னால நிக்கறவன் யாருன்னே எனக்குத் தெரியாது. அவன் தோள்மேல ஏறிப் போகச் சொல்றியா?” என்றான். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது, வெட்கமில்லாமல் தேவாலயத்தில் மூன்று பேரிடம் சொன்னேன், அவன் சொன்னதை அவன் குரலிலேயே சொன்னேன்... பெருமைப்பட்டுக்கொண்டே ராத்திரி அவன் மூச்சை எண்ணினேன், இரண்டும் எப்படி ஒரே தலைக்குள் இருந்தன?

“முள்ளு எதுவும் இல்ல. பாதத்துல பனி வெடிப்பு. ரோட்டுல போடற உப்பு உள்ள போயிருக்கு” என்று டாக்டர் ஃப்ரீசன் சொல்லும்போது மேசையின் ஓரத்தில் வைத்திருந்த என் கைபேசி நகர்ந்தது, ஒலியே இல்லாமல், வண்டு மாதிரி, எண் இல்லை. எடுத்தேன். ஒரு பெண்ணின் குரல், ரொவேனா என்றாள், அறுவை சிகிச்சைப் பட்டியல் அலுவலகம் என்றாள், கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். “மிசஸ் கோவல், நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ஓரிடம் காலியாயிருக்கு. ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்துடுச்சு. இன்னிக்கு ராத்திரி எட்டுக்குள்ள நீங்க இங்க வந்து சேரணும், முடியுமா?” முடியும் என்றேன், முடியும் முடியும், மூன்று மணி நேரம், பனிக்காற்று ஆறு மணிக்கு மேல்தான் என்று வானொலியில் சொன்னார்கள், இப்போதே கிளம்பினால்... பக்கத்து வீட்டு ஜோய்ஸ் நாயைப் பார்த்துக்கொள்வாள், பை எட்டு மாதமாகக் கட்டிலுக்கடியில் தயாராக இருக்கிறது, அவனுடைய நல்ல பைஜாமா, படிக்கும் கண்ணாடி. “ரொம்ப நல்லது. ஆனா அவர் வாயால சொல்லணும். பத்து நிமிஷத்துல நான் பேரைப் போடணும், இல்லன்னா அடுத்தவங்களைக் கூப்பிடணும். அப்புறம்... இதையும் வேணாம்னா பட்டியல்லேர்ந்து பேரே போயிடும், மறுபடி முதல்லேர்ந்துதான். ரெண்டு தடவைக்கு மேல எங்களுக்கு அனுமதி இல்ல, சாரி.”

ரெண்டு தடவை. “இது முதல் தடவைதானேம்மா?” என்றேன். அந்தப் பக்கம் காகிதம் புரண்டது, அல்லது அவள் மூச்சுதானோ. “அக்டோபர் பத்தொன்பதாம் தேதி கூப்பிட்டோமே, வீட்டு நம்பருக்கு. அவர்தான் பேசினார். ரொம்ப மரியாதையா, எனக்கொண்ணும் அவசரமில்ல, என்னைவிட மோசமா இருக்கற யாருக்காவது குடுங்கன்னார். எங்க ஆபீஸ்ல எல்லாரும் அதைப் பத்தியே பேசினோம், இந்தக் காலத்துல இப்படி ஒருத்தரான்னு... ஐயோ, சாரி, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சுட்டேன்.” தெரியும் என்றேன். எதற்காகச் சொன்னேன் அதை, யாரைக் காப்பாற்ற? தெரியுமே, என் புருஷனாச்சே, ஆமாம் ரொம்ப மரியாதையானவன்... நவம்பரில் நான்தான் அலுவலகத்துக்கு எழுதி என் கைபேசி எண்ணைச் சேர்த்தேன், வீட்டுத் தொலைபேசி சில நாள் வேலை செய்வதில்லை என்று அவன் சொன்னதால், வேலை செய்யாமலா, அது ஒரு நாளும் கெட்டதில்லையே, அவன் என்னிடம் எதைச் சொல்ல வந்து எதைச் சொன்னான்?

அப்போதுதான் அந்தச் சத்தம். எங்கள் ஊரில் யாருக்கும் திரும்பிப் பார்க்காமலே தெரியும், சக்கரம் பனிக்கட்டியில் வெறுமனே சுற்றும் சத்தம், பல்லைக் கடிப்பது மாதிரி, ஒரு சின்னச் சிவப்புக் கார் வாசலருகே மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுகிறது, ஓட்டுகிறவள் வயோதிகர் வீடுகளுக்குப் போகும் நர்ஸ்பெண்ணாக இருக்க வேண்டும், அந்தச் சீருடை. நான் எங்கள் வண்டியைப் பார்த்தேன். பார்க்காமலே தெரியும் இதுவும். கதவு திறந்தது. ஒரு கால். இன்னொரு கால். சிக்கிய காரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் ஆண் இந்த மாகாணத்தில் இன்னும் பிறக்கவில்லை, பக்கவாதம் வந்தவன்கூட இறங்கி, வலதுபக்கம் ஒடி என்றாவது கத்துவான், ஆனால் ஓரெஸ்ட், தள்ளக்கூடாது என்றார் டாக்டர், எதையும் தள்ளக்கூடாது, நீ கையுறையை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்கே போகிறாய்...

“நாயை நான் பிடிச்சுக்கறேன், போங்க, போங்க!” என்று டாக்டர் ஃப்ரீசன் கத்தியது பின்னால் கேட்டது, என் கோட்டு ஆணியிலேயே தொங்கியது, “லைல்! ஓரெஸ்ட் காரைத் தள்ளப் போறான்!” என்றேன், லைல் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, பூனைப் பெட்டியை நாற்காலியில் வைத்துவிட்டு எழுபத்தொரு வயதில் எனக்கு முன்னால் ஓடினான். வெளியே குளிர் முகத்தில் அறைந்தது, மூக்குக்குள் ரோமம் விறைத்தது, கைபேசி காதிலிருந்து இறங்கி உள்ளங்கையில், ஹலோ ஹலோ என்று ரொவேனா மிகச் சின்னதாக. ஓரெஸ்ட் காரின் பின்பக்கம் இடுப்பைக் கொடுத்து, தலை குனிந்து... “விடு! ஓரெஸ்ட், விடு அதை!” “சும்மா கை வெச்சிருக்கேன்டி, அவ்வளவுதான்.” “கையா அது? தள்ளிப்போ கெழவா, இது என் வேலை” என்று லைல் அவனைத் தோளால் ஒதுக்கிவிட்டு நின்றான், “பொண்ணே, அழுத்தாத, மெதுவா, முன்னால, பின்னால... இப்ப!” கார் ஒரு துள்ளலில் வெளியே வந்தது, நிற்கவில்லை, நின்றால் மறுபடி மாட்டும், இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுச் சாலைக்குப் போய்விட்டது. லைல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு என்னையும் என் கையிலிருந்த கைபேசியையும் பார்த்தான், “பூனை தனியா இருக்கு” என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனான்.

ஓரெஸ்ட் எங்கள் வண்டியின் பக்கத்தில் கை வைத்து நின்றான். நான் அவன் முகத்தைத் தேடினேன், வெளுத்திருக்கிறதா, வயிற்றைப் பிடிக்கிறானா, முதுகு வலிக்கிறதா... ஒன்றுமில்லை, புருவத்தில் மட்டும் மூச்சு உறைந்து வெள்ளையாக. “ஆஸ்பத்திரி” என்று கைபேசியை நீட்டினேன். “நாளைக்குக் காலைல. நீ சொல்லணுமாம்.” அவன் அதை வாங்கவில்லை. கைபேசியைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றித் தட்டி மறுபடி போட்டுக்கொண்டான். “காத்து வரும்கறாங்களே. ரோடு மூடிடுவான்... நாய் வேற உள்ள இருக்கு. வெர்லா, எனக்கென்ன, பாரு, நல்லாத்தானே இருக்கேன்? யாராவது சின்னக் குழந்தைங்களை வெச்சிருக்கறவன் காத்துக்கிட்டு இருப்பான், அவனுக்குக் குடுக்கட்டுமே.” குரல் அதே குரல்தான், காப்பி மேசைக் குரல், நான் மூன்று பேரிடம் நடித்துக் காட்டிய குரல், ஆனால் கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, கண் என் தோளுக்குப் பின்னால் எதையோ, கதவு எங்கே என்று தேடுகிற மாதிரி...

அக்டோபர் பத்தொன்பது. அன்று என்ன நடந்தது, நினைவு வருகிறது, வராமல் இருக்குமா, அன்றுதான் அவன் திடீரென்று என்னை அடித்தளத்துக்குக் கூப்பிட்டு வீட்டைச் சூடாக்கும் வெப்ப அடுப்பின் வடிகட்டியை எப்படி மாற்றுவது என்று சொல்லிக்கொடுத்தான், நாற்பது வருஷத்தில் முதல்தடவை, அம்புக்குறி இந்தப் பக்கம் பார்க்கணும், மறந்துடாத என்று இரண்டு தடவை மாற்றச் சொன்னான், அப்புறம் தண்ணீர்க் குழாயின் பிரதான திருகு எங்கே என்று காட்டினான், நான் சிரித்தேன், என்னடா புதுசா வகுப்பு எடுக்கறே என்றேன், அவனும் சிரித்தான், ரொம்பச் சிரித்தான். மேலே தொலைபேசியை வைத்துவிட்டு நேராக இறங்கி வந்திருக்கிறான். என்னைவிட மோசமா இருக்கற யாருக்காவது. அந்த வாக்கியத்தை அவன் இத்தனை வருஷம் எவ்வளவு பேருக்கு நடுவே தீட்டித் தீட்டி வைத்திருந்தான், எவ்வளவு நல்ல கோட்டு அது, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, அதைப் போட்டுக்கொண்டு உள்ளே யார் நின்றாலும் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை, நான்தானே அதைத் துவைத்துத் தேய்த்து ஊர்முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தேன். கத்தி என்றால், மயக்க மருந்து என்றால், எண்ணச் சொல்லி எண்ணிக்கொண்டே போய் எழுந்திருக்காமல் போவது என்றால்... அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை, பத்து மாதத்தில் ஒரே ஒரு வார்த்தை, நான் கேட்டேனா?

“மிசஸ் கோவல்? இருக்கீங்களா? எனக்கு இன்னும் மூணு நிமிஷம்தான் இருக்கு.”

விரல்கள் உணர்விழந்துவிட்டன. கைபேசியின் வாயை என் ஸ்வெட்டரில் அழுத்திப் பொத்திக்கொண்டேன். அவன் முழங்கையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

“ஓரெஸ்ட், இங்க பாரு. என்னைப் பாரு. பயமா இருக்குன்னு சொல்லேன்... அவகிட்ட வேண்டாம், ஊருக்கு வேண்டாம், என்கிட்ட ஒரே ஒரு தடவை சொல்லு.”