ஐந்தாவது கண்ணாடி

கொதிக்கும் தண்ணீரை ஊற்றியதால்தான் மீன்தொட்டி விரிசல் விட்டது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து மீன் வளர்ப்பவன் செய்யக்கூடாத காரியம். என் அண்ணன் துலெகென் செய்தான்.

வீடுகளுக்குக் குழாய் வழியாக வெந்நீர் அனுப்பும் வெப்ப நிலையத்தில் எதுவோ வெடித்து, ஊர் முழுக்கச் சூடு நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. வெளியே மைனஸ் முப்பத்து நான்கு. ஜன்னலின் உள்பக்கமே பனி பிடித்திருந்தது. எல்லா வீடுகளிலும் மின்அடுப்பைச் செருகி வைத்திருந்ததால் பல்பு சிகரெட் நுனி மாதிரி சிவப்பாக எரிந்தது. அந்த மின்சாரம் பெரிய தொட்டியின் ஹீட்டருக்குப் போதவில்லை. தண்ணீர் குளிர்ந்துகொண்டே போக, துலெகென் பொறுமை இழந்து கெட்டிலைச் சாய்த்தான். முன்கண்ணாடி மேல்மூலையிலிருந்து கீழ்மூலை வரை ஒரே கோடாகப் பிளந்தது.

அவன் கத்தவில்லை. டீ வடிகட்டியை எடுத்து, ஒரு ஜோடி குள்ள சிக்லிட் மீன்களையும் அவற்றின் குஞ்சுகளையும் மட்டும் அள்ளினான். மற்ற மீன்களைத் திரும்பியே பார்க்கவில்லை. அவை கம்பளத்தில் துள்ளி அடங்கின.

கீழ்வீட்டு ஜெம்ஃபிரா அக்கா மேலே ஏறி வந்தாள். மேல்கோட்டோடு, தலையில் இரண்டு துணி கட்டி.

"டேய் துலெகென், என் கட்டில்ல மழை பெய்யுதுடா!"

"தொட்டி உடைஞ்சிருச்சுக்கா."

"தொட்டியா? நான் சூடுதான் வந்துருச்சு, குழாய் வெடிச்சிருச்சுன்னு சந்தோஷமா ஓடி வந்தேன்." கம்பளத்தைப் பார்த்தாள். "இதை வறுக்கலாமா?"

"வேணாம்க்கா."

"சரி, கேட்டு வச்சேன்." போகும்போது என் காதில், "அவன் முகமே சரியில்ல. பக்கத்துலயே இரு" என்றாள்.

அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். போன இலையுதிர் காலத்தில் துலெகெனை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது நான்தான். கணையம் பாதி அழுகிவிட்டது, இன்னொரு முறை குடித்தால் ஆள் இருக்க மாட்டான் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதனால் அவனுக்குக் குடிக்கட்டு போட்டோம். எங்கள் பக்கத்தில் அது சாதாரணம். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் நரம்பில் ஊசி ஏற்றுவார், இரண்டு கண்ணையும் கட்டைவிரலால் அழுத்துவார், இனி ஒரு மடக்கு உள்ளே போனாலும் இதயம் நின்றுவிடும் என்று அடித்தொண்டையில் சொல்லுவார். ஊசியில் வெறும் உப்புத்தண்ணீர்தான் என்பது என் எண்ணம். அதை யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் நம்பினான். நம்பிய வரைக்கும் அது வேலை செய்தது.

மிச்சத்தை மீன்கள் பார்த்துக்கொண்டன. ஒரு மனிதன் குடிப்பதை விட்டால் சாயங்காலம் மிக நீளமாகிவிடும். அந்த நீளத்தை அவன் தொட்டி முன்னால் உட்கார்ந்து கழித்தான். பெண்மீன் சுண்டுவிரல் அளவுதான். குஞ்சு வைத்திருக்கும்போது எலுமிச்சை மஞ்சளாகிவிடும். உடலை ஓர் உதறு உதறினால் குஞ்சுகள் மொத்தமும் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். இந்தக் குஞ்சுகள் செத்தால் அன்று சாயங்காலமே அவன் பாட்டில் வாங்கக் கடைக்குப் போவான். அது எனக்கு உறுதியாகத் தெரியும்.

வெள்ளரிக்காய் ஊறுகாய் போட்ட மூன்று லிட்டர் ஜாடிகள் இரண்டு இருந்தன. ஒன்றில் தாயும் குஞ்சுகளும். மற்றதில் ஆண். இவ்வளவு சின்ன இடத்தில் ஒன்றாகப் போட்டால் அவள் அவனைக் கடித்தே கொல்வாள்.

"ஜாடி தாங்காதுடா" என்றான் துலெகென். "தண்ணி கெட்டுப்போயிரும். சின்னதா ஒண்ணு கட்டணும். மேஜை மேல வைக்கிற மாதிரி. குட்டி ஹீட்டருக்கு இந்தக் கரண்ட் போதும். பத்தலன்னா மேஜை விளக்கைப் பக்கத்துல திருப்பி வச்சுக்கலாம்."

"கண்ணாடி?"

அவன் உடைந்த தொட்டியைக் காட்டினான். பக்கக் கண்ணாடிகளும் பின்கண்ணாடியும் முழுசாகத்தான் இருந்தன. பிளேடால் பழைய பசையை அறுத்துப் பிரித்தோம். அவன் கண்ணாடி வெட்டும் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தோய்த்து, அளவுகோலை வைத்து ஒரே இழுப்பு இழுத்தான். கண்ணாடி சொன்னபடி கேட்டது. குடித்த நாட்களில் நடுங்கிய கை இப்போது நடுங்கவில்லை. அடிக்கு ஒன்று, முன்னால் ஒன்று, பக்கத்துக்கு இரண்டு, பின்னால் ஒன்று.

"ஓரமெல்லாம் எண்ணெய்" என்றான். "பழைய பசை வேற அங்கங்க ஒட்டியிருக்கு. இது மேல சிலிக்கான் பிடிக்காது. ஒட்டுன மாதிரி இருக்கும், தண்ணி ஊத்துனா கசியும்."

"எதால துடைக்கணும்?"

அவன் கண்ணாடித் தூளை ஊதினான்.

எண்ணெயை எடுக்கும் அசிட்டோன் தேடிப் பெயிண்ட் கடைக்குப் போனேன். பூட்டியிருந்தது. ஜெம்ஃபிரா அக்கா நகப்பூச்சு அழிக்கும் தண்ணீரைத் தந்தாள். துலெகென் ஒரு சொட்டு விரலில் தேய்த்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். "இதுல எண்ணெய் கலந்திருக்கான். நகத்துக்கு நல்லது. எனக்கு ஆகாது."

நான் ரயில்வே சிக்னல் அறையில் ராத்திரி வேலை பார்க்கிறேன். பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தில் விட்டவனுக்கு அதுவே அதிகம். சிக்னலை இயக்கும் ரிலேக்களின் முனைகளைத் துடைக்க எங்களுக்கு ஸ்பிரிட் தருவார்கள். சுத்தமானது, குடிக்கக்கூடியது. என் பங்கு அங்கே அலமாரியிலேயே இருக்கும். அண்ணன் இருக்கும் வீட்டுக்கு அதை ஒருநாளும் கொண்டுவந்ததில்லை.

"நான் போய் எடுத்துட்டு வரேன்" என்றேன். "நானே துடைக்கிறேன்."

"இன்னும் ஓரம் தேய்க்கல. முடிக்க இருட்டிரும். துடைச்ச உடனே ஒட்டணும், இல்லன்னா தூசி உக்காந்துரும். உனக்கு அப்ப ஷிப்டு."

"அப்ப நாளைக்கு."

"நாளைக்கு ஒட்டுனா, அது இறுகுறதுக்குள்ள இதுங்க இருக்காது." ஜாடியைக் காட்டினான். "என்ன, பயமா? எனக்குக் கட்டு இருக்குடா. குடிச்சா செத்துருவேன். சாகவா போறேன்?"

ஷிப்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. அந்தக் குளிரில் தண்டவாளமே உறைந்து கிடந்தது. கொண்டுவரவில்லை என்றால் மீன் சாகும், அவன் குடிப்பான். கொண்டுவந்தால், வீட்டில் ஒரு பாட்டிலோடு தனியாக இருப்பான். ஸ்டேஷனுக்கு நடந்தபோது இதையேதான் திருப்பித் திருப்பி யோசித்தேன். பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் வேலைக்குப் போனேன்.

காலையில் வந்து கதவைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தது. சிலிக்கான் இறுகும்போது அப்படித்தான் நாறும். மூக்கில் வேறு எதுவும் ஏறவில்லை. அவன் குடித்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

மேஜை மேல் சின்னத் தொட்டி நின்றது. நான்கு பக்கமும் ஒட்டுத்தாள் போட்டு இறுக்கியிருந்தான். பக்கத்தில் பாட்டில் காலி. அவன் கோட்டோடு தரையில் படுத்து, கண்ணைத் திறந்து வைத்திருந்தான்.

"முழுசும் தீந்துருச்சா?"

"அஞ்சு கண்ணாடி. ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை."

"அப்படியா."

"என்னடா அப்படியா? போலீஸ் மாதிரி கேக்குற?"

கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவன் எழுந்திருக்கவில்லை. நெற்றி வியர்த்திருந்தது, அந்தக் குளிரில். பசை இறுக ஒரு பகலும் இரவும் வேண்டும். அன்று ராத்திரி எனக்கு ஷிப்டு இல்லை; அதுவரைக்கும் நாங்கள் இருவரும் அந்த அறையிலேயே கிடந்தோம். ஜாடிகளை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து, ஆறினால் மாற்றினேன். ஜெம்ஃபிரா அக்கா பவுர்சாக் மாவுருண்டைகளைப் பொரித்துக் கொண்டுவந்தாள். அவன் தொடவில்லை. மதியம் ஆண்மீன் செத்தது. எடுத்து வெளியே எறிந்தேன். அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன நடந்தது என்று அவன் வாயைத் திறந்து சொல்லப்போவதில்லை. அந்தத் தொட்டிதான் சொல்லும் என்று எனக்குப் புரிந்தது. துடைத்த ஓரம் ஒட்டும். துடைக்காத ஓரம் கசியும். அவ்வளவுதான்.

மறுநாள் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் தொட்டியை வைத்தோம். துலெகென் குவளை குவளையாக ஊற்றினான். இரண்டு விரல் உயரம். தாள் காய்ந்தே இருந்தது. பாதி. காய்ந்தே இருந்தது. முக்கால் வந்தபோது தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்போது பின்கண்ணாடியின் அடியில் தாள் கறுத்தது. ஒரு நாணயம் அளவு. பிறகு உள்ளங்கை அளவு.

துலெகென் குவளையைக் கீழே வைத்தான்.

"பின்பக்கம் துடைக்கல."

"ஏன்?"

"மிச்சம் இல்ல."

"குடிச்சியா?"

"வாயில ஊத்துனேன்." கண்ணாடியைப் பார்த்தே பேசினான். "நாலு முடிச்சிட்டேன். அஞ்சாவதைக் கையில வச்சிருந்தேன். எப்படி ஊத்துனேன்னு தெரியல. அப்புறம் துப்பிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

தாளில் ஈரம் விளிம்புவரை பரவி, மேஜையிலிருந்து சொட்டியது.

"உக்காந்து காத்துக்கிட்டு இருந்தேன்டா" என்றான். "நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு. இப்ப நிக்கும், இப்ப நிக்கும்னு. விடிஞ்சிருச்சு. நிக்கவே இல்ல."

குடித்ததைவிட இது மோசம். இத்தனை மாதம் அவனைப் பிடித்து வைத்திருந்தது வெறும் பேச்சு என்று இப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"துப்பிட்டல்ல, அதான் ஒண்ணும் ஆகல" என்றேன்.

அவன் சிரித்தான். "பாலிடெக்னிக்ல இதைத்தான் சொல்லிக்குடுத்தாங்களா? அதான் பாதியில ஓடி வந்துட்டியா?"

"டாக்டர் சொன்னது பொய் இல்லண்ணே. கணையம் பொய் இல்ல."

"தெரியும்." தண்ணீரை மறுபடி குவளையால் இறைக்க ஆரம்பித்தான். எல்லாம் இறைத்து முடித்து, பிளேடை எடுத்து, பின்பக்கப் பசையை வேரோடு அறுத்தான். பிறகு பிளேடை என்னிடம் கொடுத்தான். "திரும்பத் துடைக்கணும். போய் யார் பங்கையாவது கடன் வாங்கிட்டு வா. நீ துடை, நீயே ஒட்டு. நான் வெளிய நிக்கிறேன். உள்ள தாழ் போட்டுக்க. நான் தட்டுனா திறக்காத. என்ன சொன்னாலும் திறக்காத."

நான் ஸ்பிரிட்டோடு வந்தபோது அவன் ஆட்டுத்தோல் கோட்டும் கம்பளி பூட்ஸும் போட்டு, படிக்கட்டில் தயாராக நின்றான். கோட்டின் பொத்தான்களுக்கு உள்ளே ஜாடி துருத்திக்கொண்டிருந்தது.

"இதை எதுக்கு?"

"அந்த நெடி இதுங்களுக்கு ஆகாது. இங்க வயித்துச் சூடு இருக்கு." இரண்டு கையாலும் அடியில் தாங்கிக்கொண்டான். "இதைத் தூக்கிக்கிட்டுக் கடைக்கும் போக முடியாது. போனா வழியிலயே உறைஞ்சிரும்."

தாழ் போட்டேன். பாட்டிலைத் திறந்ததும் வாடை அறை முழுக்க ஏறியது. கதவுக்குக் கீழே இடுக்கு இருக்கிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கம்பளியை மடித்துத் திணித்தேன். துணியை நனைத்து ஓரத்தைத் துடைத்தேன். வெளியே ஜெம்ஃபிரா அக்காவின் குரல் கேட்டது.

"என்னடா, தம்பி துரத்திட்டானா?"

"ஆமாக்கா."

"வயித்துல என்ன, எத்தனை மாசம்?"

"போங்கக்கா."

அவள் போன பிறகு கதவில் ஓர் உதை விழுந்தது. அவனுக்குக் கை காலியில்லை.

"முடிஞ்சுதாடா?"

"இல்ல."

"திற. கால் விறைக்குது."

"திறக்காதன்னு சொன்ன."

"அது சும்மா சொன்னேன். திறடா. ஜாடி வழுக்குது. டேய், ஐதோஸ்!"

இன்னொரு உதை. பிறகு தொடர்ந்து. கதவோரச் சுவரில் காரை உதிர்ந்தது. என்னைத் திட்டினான், எங்கள் அம்மாவைத் திட்டினான், பிறகு கெஞ்சினான். ஒரு மடக்கு, ஒரே ஒரு மடக்கு என்று கதவோடு வாயை வைத்துச் சொன்னான். நான் இரண்டாவது முறை துடைத்தேன். பசையை மூலை வரை இழுத்தேன், விரலால் அழுத்தினேன், ஒட்டுத்தாள் போட்டேன். மிச்ச ஸ்பிரிட்டைக் குழாயடியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். துணியையும் அலசினேன். வினிகர் நெடி மெல்ல மேலே வந்தது.

உதை நின்றிருந்தது. அது நின்றது எப்போது என்று தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

தாழை எடுத்தேன். துலெகென் கீழிருந்து மூன்றாவது படியில், வெளிக்கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கடைக்குப் போக அவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறான். ஜாடி கோட்டுக்குள்ளேயே இருந்தது. மூக்கில் வடிந்தது உதட்டில் உறைந்திருந்தது.

"கொட்டிட்டியா?"

"கொட்டிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

காலிப் பாட்டிலைத் தலைகீழாகக் காட்டினேன். அவன் அதையே பார்த்தான். பிறகு கோட்டை விலக்கி ஜாடியை வெளிச்சத்தில் பிடித்தான். தாய் மங்கலான மஞ்சளில் அடியில் நின்றிருந்தாள். குஞ்சுகளில் பாதி செத்துக் கிடந்தன. மிச்சம் அவள் வாலுக்குக் கீழே அசைந்தன.

"மேல வாண்ணே."

"இரு. வாடை போகட்டும்."

நான் இறங்கிப் போய் அவன் பக்கத்தில், வெளிக்கதவை மறைத்தபடி உட்கார்ந்தேன்.