ஐம்பத்திரண்டு ஜிபி

சுவர்த் திரையில் ஓடும் அந்தச் சிவப்புக் கோடு நான் போட்டது. எங்கள் கப்பல் நிறுவனத்தின் டிக்கெட் சர்வரில் எந்த நிரல் எவ்வளவு நினைவகம் தின்கிறது என்று பத்து நொடிக்கு ஒருமுறை காட்டும். துர்க்கு நகர அலுவலகத்தில் எல்லோரும் அதைத்தான் நம்புவார்கள். நான் ஒருபடி கூடவே நம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை கோடு ஐம்பத்திரண்டு ஜிபியில் நின்றது. தின்றது வென்லா எழுதிய நிரல். அவளுடைய ஆறு மாதத் தகுதிகாண் காலம் அன்றோடு முடிகிறது. ஒரு மணிக்கு மேலாளர் பிர்க்கோ முடிவு சொல்வார். கோடு இறங்காவிட்டால் நிரலும் போகும், அவளும் போவாள்.

எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராமல் ஒழுகவிடும் ஓட்டை நிரலுக்குள் எங்கே என்று நான்கு நாளாக அவள் தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் இருந்த நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

"ஒஸ்மோ, எல்லாத்தையும் பாத்துட்டேன். எங்கயும் ஒழுகல."

"அப்ப கோடு பொய் சொல்லுதா? கண்ணத் தொறந்து இன்னொரு தரம் பாரு."

அவள் மறுபடியும் திரையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. ஐந்தாவது காப்பி. எழுந்தேன், ஜன்னல் வரை நடந்தேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன். கால் ஆடிக்கொண்டே இருந்தது. சரி, நானே ஓட்டையைக் கண்டுபிடித்து இவள் மூக்கை உடைக்கிறேன் என்று சர்வருக்குள் நுழைந்தேன். முதலில் இயந்திரத்தின் மொத்தக் கணக்கு. அறுபத்துநான்கு ஜிபியில் காலி ஐம்பத்தேழு.

ஐம்பத்திரண்டு போயிருந்தால் பன்னிரண்டுதானே மிஞ்ச வேண்டும்? கோட்டைப் போடும் என் கருவியைத் திறந்து பார்த்தேன்.

வென்லாவின் நிரல் இருபத்துநான்கு கிளைகளாகப் பிரிந்து ஓடும். இருக்கைப் பட்டியல் மட்டும் ஒன்றுதான், இரண்டு ஜிபி. நினைவகத்தில் ஒரே இடத்தில் கிடக்கும் அதைத்தான் எல்லாக் கிளைகளும் பார்க்கும். என் கருவியோ ஒவ்வொரு கிளையிடமும் தனித்தனியாகக் கேட்டு, சொன்னதையெல்லாம் கூட்டிவிடும். எங்கள் அடுக்ககத்தில் இருபத்துநான்கு வீடு, கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே சவுனா, அதாவது நீராவிக் குளியலறை. வீடு வீடாகக் கதவைத் தட்டி 'சவுனா உண்டா?' என்று கேட்டு, இருபத்துநான்கு சவுனா என்று எழுதிக்கொண்ட மடையன் நான். கிளைகள் பட்டியலில் புதுப்புதுப் பக்கங்களைத் தொடத் தொட ஒவ்வொன்றின் கணக்கும் ஏறியிருக்கிறது. அதனால்தான் ஒழுகுவது போலவே காட்டியது.

பொதுவில் இருப்பதைப் பங்கு பிரித்துக் காட்டும் கணக்கும் சர்வரிலேயே இருக்கிறது. அதை எடுத்துக் கூட்டினேன். ஆறு ஜிபி.

கருவியைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டு, 'இறங்கிடுச்சு பாரு' என்று சொல்லிவிடலாம். ஒரு கணம் கை அதற்குத்தான் போனது. பிறகு என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஒரு மணிக்கு பிர்க்கோவின் அறையில், வென்லாவை வைத்துக்கொண்டே போட்டு உடைத்தேன்.

"தப்பு என்னோடது, பிர்க்கோ. நிரல்ல ஒண்ணுமில்ல. சர்வர்ல ஐம்பத்தேழு ஜிபி காலியாத்தான் கெடக்கு. நான் கூட்டுன விதம் தப்பு."

பிர்க்கோ சிரித்துவிட்டார். "அடப்பாவி! நல்ல வேளை இப்பவாச்சும் சொன்னியே. அப்புறம் என்ன வென்லா, நீ இங்கதான். வேலை உனக்குத்தான்."

வென்லா சிரிக்கவில்லை. "தகுதிகாண் காலம் ரெண்டு பக்கத்துக்கும்தானே? நானும் உங்கள ஆறு மாசம் பாத்துட்டேன்."

"என்ன சொல்ற?"

"நாலு நாளா ஒழுகல, ஒழுகலன்னு இவன்கிட்ட கத்துறேன். அந்தக் காலிக் கணக்கப் பாக்க இவனுக்கு ஒரு நிமிஷம்தான் ஆயிருக்கும். கோட்டுக்கு இருந்த மரியாதை எனக்கு இல்ல. நான் கெளம்புறேன்."

நுழைவு அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். பிர்க்கோ என்னைப் பார்த்தார், ஏதாவது சொல்லேன் என்பது போல. அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் போயிருப்பேன்.