நான்காவது கைரேகை

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்தபோது பின்பக்க ஜன்னல் கம்பி வளைந்து கிடந்தது. உள்ளே அலமாரி பூட்டியபடியே இருந்தது. மேசைமேல் மடிக்கணினி வைத்த இடத்தில் இருந்தது. வந்தவன் நேராக என் தையல் மெஷினிடம் போயிருக்கிறான். அதன் இழுப்பறையில், பொத்தான் டப்பாவுக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்த அம்மாவின் வளையல்கள் இரண்டையும் காணோம்.

குற்றப்பிரிவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். இன்ஸ்பெக்டர், ஏறக்குறைய என் வயதுப் பெண். அடுத்தவர் கைரேகை எடுப்பவர். மூன்றாமவர் ஒல்லியான மனிதர். யாரிடமும் எதுவும் கேட்காமல் ஜன்னலுக்கும் மெஷினுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார்.

இழுப்பறையின் உட்பலகையில் கறுப்புப் பொடியைத் தடவியதும் கலங்கலாகச் சில ரேகைகளும் தெளிவாக ஒன்றும் எழுந்தன.

"வீட்டுக்குள்ள புழங்கறவங்க எல்லாரும் ஸ்டேஷனுக்கு வந்து விரலைப் பதிச்சுட்டுப் போங்கம்மா," என்றார் கைரேகைக்காரர். "சந்தேகப்பட்டு இல்ல. உங்களதையெல்லாம் கழிச்சாத்தான் திருடனோடது மிஞ்சும்."

"தாராளமா," என்றார் என் கணவர். "நான் அந்த மெஷின் பக்கமே போனதில்லைன்னு இவ இருபது வருஷமா திட்டறா. இப்ப அரசாங்கமே சான்றிதழ் குடுக்கப் போகுது."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். "வளையல் இருந்த இடம் யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு, இவருக்கு, மகளுக்கு. அப்புறம்... என் தம்பிக்கு."

அந்த மாதம் வீட்டுக்கு வந்தவர்களை எழுதித் தரச் சொன்னார். கோடு போட்ட தாளில் எண் போட்டு, தேதி போட்டுப் பதினான்கு பேரை எழுதிக் கொடுத்தேன்.

மறுநாளே நாங்கள் மூவரும் விரல் பதித்துவிட்டோம். தம்பி மட்டும் வரவில்லை. புதன்கிழமை கேட்டால் வியாழன் என்றான். வியாழக்கிழமை கேட்டால் நாளைக்கு என்றான். அம்மா போன பிறகு ஒருநாள் அவன், "ரெண்டு வளையல், ரெண்டு பிள்ளைங்க. சரியாத்தானே வருது?" என்று சிரித்தது நினைவுக்கு வந்தது. அன்று நானும் கூடச் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பு என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை. ஒரே சட்டையின் கையை இரண்டு முறை திருப்பித் தைத்துப் பிரித்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து ஜன்னலை இழுத்துப் பார்த்தேன்.

தினமும் மாலை ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் போன் செய்வார். "ஒண்ணும் இல்லைன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்," என்பார். வியாழனன்று, "தம்பி வேலையா இருக்காரோ?" என்று மட்டும் சேர்த்துக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை நானே அவனைத் தேடிப் போனேன். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், திறந்திருந்த லிஃப்ட் வாசலுக்குள், இடுப்பளவு பள்ளத்தில் நின்றிருந்தான்.

"ஏன்டா, மூணு நாளா நாளைக்கு நாளைக்குங்கறே?"

"பாக்கறே இல்ல? எட்டாவது மாடிக்காரங்க என்னைத் திட்டிக்கிட்டே படியேறிட்டு இருக்காங்க."

"அரை மணி நேர வேலை. உங்க மாமாவே போயிட்டு வந்தாச்சு."

"நீ கேக்கறியா, போலீஸ் கேக்குதா?"

"நான்தான் கேக்கறேன்."

கழிவுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "என் விரல் அங்க இருக்கும் அக்கா."

நான் பள்ளத்தின் விளிம்புக்கு வந்து குனிந்தேன்.

"போன மாசம் நீ சமையலறையில இருந்தப்ப எடுத்துப் பாத்தேன். அம்மா கையையே பாக்கற மாதிரி இருந்துச்சு. அப்படியே சுத்தி வெச்சுட்டேன். சொன்னா, பங்கு கேக்க வந்திருக்கான்னு நினைப்பே." நிமிர்ந்து பார்த்தான். "நம்பறியா?"

"நம்பறேன்," என்றேன். அதற்குள் மேலே யாரோ லிஃப்ட் பொத்தானை இரண்டு முறை அழுத்தி ஓய்ந்திருந்தார்கள்.

"ரொம்ப சீக்கிரமா சொல்லிட்டே," என்று கிண்டலாகச் சொன்னபடி மேலே ஏறி வந்தான். "வா, போலாம்."

ஸ்டேஷனில் நடந்ததை அவனே சொல்லிவிட்டு விரலைப் பதித்தான். கைரேகைக்காரர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்துத் தலையசைத்தார். தெளிவாக விழுந்த ரேகை அவனுடையதுதான்.

அவனை வெளியே உட்காரச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவு வழியாக அவன் முதுகு தெரிந்தது.

"புகார் குடுத்தவங்க நீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "யார் மேல சந்தேகம்ங்கற கட்டம் இன்னும் காலியா இருக்கு."

"தம்பி பேரை எழுதணுமா?"

"நான் சொல்லலம்மா. தொட்டார்னு ரேகை சொல்லும். எப்பத் தொட்டார், எதுக்குத் தொட்டார்னு அதுக்குத் தெரியாது. யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல."

"அவன் இல்லை. எழுதிக்குங்க, அவன் இல்லைன்னு."

"இல்லைங்கறதை எழுத இதுல இடமே விடலையேம்மா," என்று சிரித்தார். கட்டத்தில் குறுக்குக் கோடு போட்டார்.

அதுவரை வாய் திறக்காத ஒல்லி மனிதர் என் பட்டியலைக் கையில் எடுத்தார். "வீட்டுக்கு வந்தவங்களை எழுதியிருக்கீங்க. மெஷினுக்கு யாராவது வந்தாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பதாம் தேதி மெஷின் ரிப்பேர்க்காரர் வந்து பெல்ட் மாற்றினார். இழுப்பறையைக் கழற்றித் தரையில் வைத்தவரே அவர்தான். ஆறு வருடமாக வருகிறவர். அவர் வந்ததை யாரோ வீட்டுக்கு வந்ததாக நான் நினைக்கவே இல்லை.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கே போன் வந்தது. ரிப்பேர்க்காரரின் கருவிப் பையின் அடியில், நான் சுற்றிய அதே துணியோடு வளையல்கள் கிடைத்துவிட்டன.

"ஒத்துக்கிட்டார். கோர்ட் மூலமா உங்க கைக்கு வரக் கொஞ்ச நாளாகும்," என்றார் இன்ஸ்பெக்டர். "முதல்ல நீங்க உக்காருங்க. இத்தனை நாளா நடந்துக்கிட்டேதான் என்கூடப் பேசறீங்க, சத்தம் கேக்குது."

உட்கார்ந்து தம்பிக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அன்னிக்கு நீ நம்பல இல்ல?" என்றான்.

"கொஞ்ச நேரம் நம்பலடா."

அந்தப் பக்கம் ஸ்பேனர் ஒன்று இரும்பில் பட்டு நின்றது.

"சரி. திரும்பி வந்ததும் எங்க வெக்கறேன்னு மட்டும் எனக்குச் சொல்லாதே அக்கா," என்று சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

"அலமாரியில மேல் தட்டு," என்றேன். "இடது பக்கம், போர்வைக்கு அடியில. கேட்டுச்சா?"

"லிஃப்ட்டுக்குள்ள இருக்கேன். ஒண்ணும் கேக்கல," என்றான்.