அலமாரியில் தூங்கிய பட்டை

அக்கா தையல் ஆலையில் நூல் பிசிறு வெட்டுகிறாள். ஒன்பது வருடம் கத்தரி பிடித்த வலது கையில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துவிட்டன. மகனுக்குச் சட்டைப் பித்தான் போட முடியவில்லை.

"மணிக்கட்டுல நரம்பு நசுங்குது," என்றார் டாக்டர். "இப்பவே பார்த்துக்கிட்டா கத்தி வைக்க வேண்டாம். ஆறு வாரம் தூங்கும்போது மணிக்கட்டுக்குப் பட்டை போடுங்க, கை மடங்காது. கத்தரியை விட்டு வேற வேலைக்கு மாறுங்க. அப்பவும் கேக்கலைன்னா ஊசி இருக்கு." சீட்டிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்.

ஆலையின் முதலுதவி அறையில் நான் உதவியாளர். சீட்டை மேலாளரிடம் கொடுத்தேன். அவர் ஒரு பட்டை வாங்கினார். ஒரே ஒரு பட்டை. அக்காவுக்கும் அவள் வரிசையில் கை மரத்த வேறு இருவருக்கும். வேலை நேரத்தில் ஆளுக்கு இரண்டு மணி நேரம். மாலையில் வாங்கி நான் அலமாரியில் பூட்ட வேண்டும். ஆலைச் சொத்தாம்.

பூட்டினேன். சாவி என் இடுப்பில் இருந்தது.

"பட்டை நல்லாத் தூங்குதுடி," என்பாள் அக்கா. "எனக்குத்தான் கை குத்திக்கிட்டே இருக்கு."

ஆறாவது வாரம் மேலாளர் எங்கள் இருவரையும் அழைத்தார்.

"பட்டை போட்டும் சரியாகலையேம்மா. ஆபரேஷன் பண்ணிட்டு வா. அதுவரைக்கும் வேலை கிடையாது."

அக்கா தலைகுனிந்து நின்றாள். நான் முன்னால் வந்தேன்.

"அவ போடவே இல்லையே சார்."

"என்ன?"

"தூங்கும்போது போடணும்னு எழுதியிருக்கு. நீங்க கத்தரி பிடிக்கும்போது போட வெச்சீங்க. மரத்துப்போனது அவ விரலா, உங்க கண்ணா?"

"குரலை உயர்த்தாதே."

"இத்தனை நாள் உயர்த்தலை. அதான் இப்படி ஆச்சு. சட்டையை எண்ணத் தெரியுது, கையை எண்ணத் தெரியலையா? மூணு பேருக்கும் ஆளுக்கொண்ணு வாங்குங்க, வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்க. மூணு பேரையும் சட்டையில கறை இருக்கான்னு பார்க்கிற மேசைக்கு மாத்துங்க. இல்லைன்னா சீட்டை வரிசை நடுவுல நின்னு சத்தமாப் படிப்பேன்."

கண்ணாடிச் சுவருக்கு வெளியே எல்லாரும் எங்களைப் பார்க்க, தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓட்டம் நின்றன. மேலாளர் அங்கே பார்த்தார்.

"சரி, மூணு பேருக்கும் ஆறு வாரம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

முதலுதவி அறைக்கு வந்து அலமாரியைத் திறந்து பட்டையை அக்காவிடம் நீட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அஞ்சு வாரமா சாவி உன்கிட்டதானே இருந்துச்சு?" என்றாள்.

கட்டிவிடக் கை நீட்டினேன். தட்டிவிட்டாள். பட்டையின் வாரைப் பல்லால் கவ்வி இழுத்து, தானே கட்டிக்கொண்டாள்.