சாட்சிக் கையெழுத்து

தேநீர்த் தட்டோடு தடுக்கி, நாலு கோப்பையையும் அப்பாவின் வேதாகமத்தில் கவிழ்த்தபோது, தம்பி எட்டு மாதமாக ஒரு சொட்டுக் குடிக்காதவன். அதை யாரிடம் போய்ச் சொல்வது? சவப்பெட்டியைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் அவன் கையைத்தான் பார்த்தார்கள். அத்தை மட்டும் எழுந்து வந்து, ஆறுதல் சொல்பவள்போலக் கட்டிப்பிடித்து, வாயை மோந்து பார்த்தாள்.

"டீதான் அத்தை. சர்க்கரைகூட கம்மி."

ஒரு மணி நேரத்தில் பெட்டியை மூடிவிடுவார்கள். புத்தகம் அப்பாவின் கையில் இருக்க வேண்டும். அக்கா அவனைப் பின்னறைக்கு இழுத்துப் போய் இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்தாள். அவன் குமிழைப் பட்டுத்துணிக்குத் திருப்பினான். வேதத்துக்கென்று தனிச் சூடு எதுவும் போட்டிருக்கவில்லை.

நனைந்தது பழைய ஏற்பாடு மட்டும். பத்துக் கட்டளைகள் இருக்கும் பக்கத்தை நெருங்க நெருங்க அவன் தேய்ப்பதை மெதுவாக்கினான். அந்தத் தாள் அங்கேதான் இருக்கும். அப்பா பத்திர எழுத்தர். மூன்று வருடத்துக்கு முன் மகன் திருந்துவதையும் முத்திரைத்தாளில் எழுதி வாங்கினார்: மீண்டும் குடித்தால் இவ்வீட்டுப் படி ஏறமாட்டேன். அவன் கையெழுத்து, அப்பா கையெழுத்து, சாட்சியாக அக்கா. பத்தொன்பதாம் நாள் குடித்தான். படி ஏறாத ஷரத்தை மட்டும் இன்று காலைவரை ஒழுங்காகக் காப்பாற்றினான்.

பக்கம் வந்தது. தாள் இல்லை. அது நெடுநாள் கிடந்த தடம் மட்டும் நீள்சதுரமாகப் பழுத்திருந்தது.

"அக்கா, அந்தப் பத்திரம் எங்க? அப்பாகூடவே வெச்சு அனுப்பப் போறீங்களா?"

"ஓரத்தைத் தேய். சுருங்குது பாரு."

"கடைசிவரைக்கும் நான் வரக்கூடாதுன்னுதான் இருந்தாரா?"

"மெதுவா பேசு. வெளிய ஆளுங்க இருக்காங்க."

"உன்னைத்தான் கேக்கறேன். சாட்சி நீதானே?"

அக்கா கதவைச் சாத்தினாள்.

"கிழிச்சுட்டாரு. போன வருஷமே. புதுசா ஒண்ணு எழுதலாமாப்பான்னு கேட்டேன். எழுதித்தான் கெடுத்தேன், கையெழுத்தெல்லாம் வேணாம், சும்மா வரச்சொல்லுன்னாரு. தினமும் கேட்டாரு, சொல்லிட்டியா சொல்லிட்டியான்னு. சொல்லிட்டேம்ப்பான்னேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் சொல்லலைடா. நீ தள்ளாடிட்டு வந்து நிக்கறதை இன்னொரு தடவை பாக்க எனக்குத் தெம்பில்லை."

கூடத்தில் யாரோ நேரமாகிறது என்றார்கள். அக்கா அடுத்த ஈரப்பக்கத்தைப் பிரித்து, இரண்டு ஓரத்தையும் விரலால் அழுத்திப் பிடித்தாள். அவன் அவள் விரலில் சூடு படாமல் தேய்த்தான்.