எண்பது வயதுக் கார்டெல்

வெர்லீன் அந்தச் சனிக்கிழமை மதியம் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்குப் போனது விளையாடுவதற்காக அல்ல. பக்கத்து வீட்டு ஹோசியாவின் நச்சரிப்பு தாங்காமல்தான்.

டெட்ராய்ட்டின் கிழக்குப் பகுதியில் அவள் பஸ் ஓட்டுகிறாள். அவளுடைய ஒரே மகன் கார்டெல் மூன்று வருஷத்துக்கு முன்பு, பதினேழு வயதில், தெருமுனைக் கடைக்குப் போனபோது, ஓடும் காரிலிருந்து யாரோ சுட்டதில் அங்கேயே விழுந்து இறந்தான். சுட்டவன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. அதன் பிறகு வெர்லீனுக்கு நாளை என்றால் மறுநாள் ஷிஃப்ட், அவ்வளவுதான்.

மேசையில் பொரித்த மீனும் சோள ரொட்டியும் இருந்தன. சுற்றிலும் தெருக்காரர்கள். விளையாட்டை உருவாக்கிய நியாஷா கதை எழுதுகிறவள்.

"சினிமால ராக்கெட் போகும், வேற கிரகத்துல வீடு கட்டுவாங்க. அதுல நம்மள மாதிரி கறுப்பு மூஞ்சி ஒண்ணாவது இருக்கா? வருங்காலத்துக்கு நம்மள யாரும் கூட்டிட்டுப் போகல. அதனால நாமளே போறோம்" என்றாள்.

"அங்கயாவது பஸ் நேரத்துக்கு வருமா?" என்றார் ஹோசியா.

"நான் ஓட்டினா வரும்" என்றாள் வெர்லீன். சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை.

விளையாட்டு இதுதான்: ஏறக்குறைய அறுபது வருஷம் கழித்து, இதே தெரு. ஒவ்வொருவரும் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அதில் வயது மட்டும் இருக்கும். மீதியைத் தானே இட்டுக்கட்டி அந்த ஆளாகவே பேச வேண்டும். 'நடக்காது' என்று யாரும் சொல்லக் கூடாது. 'எப்படி நடந்துச்சு?' என்று கேட்கலாம்.

ஹோசியாவுக்குப் பன்னிரண்டு வயது வந்தது. குரலைக் கீச்சென்று ஆக்கிக்கொண்டு, தான் விண்கலம் பழுது பார்க்கும் சிறுமி என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வெர்லீன் எடுத்த சீட்டில் எண்பது என்று இருந்தது.

"பேரு சொல்லுங்க, மிஸ் வெர்லீன்" என்றாள் நியாஷா.

யோசிக்காமலே வாயில் வந்தது. "கார்டெல்."

சிரிப்பு அடங்கியது. அவன் இருந்திருந்தால் அந்த அறுபது வருஷம் கழித்து அவனுக்கு அந்த வயதுதான் ஆகியிருக்கும். வெர்லீன் சீட்டை மேசையில் தள்ளிவிட்டு எழப்போனாள்.

அப்போது ஹோசியா அதே கீச்சுக் குரலில், ஆனால் மெதுவாகக் கேட்டார்: "தாத்தா, உங்க வீடு எது?"

அவள் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

"அந்த நீல வீடு, பாப்பா. எங்கம்மா வீடு." குரல் கரகரத்தது. "முட்டி வலிக்குது, படி ஏற முடியல. பேரப்பிள்ளைங்க நிலாவுல வேலை பாக்குதுங்க, போன்தான் பண்றதில்ல."

"சாயங்காலம் தெருமுனைக் கடைக்குப் போகலாமா தாத்தா?"

"தாராளமா. பதினேழு வயசுல ஒருநாள் போனேன். ஆரஞ்சு சோடா வாங்கினேன். வீட்டுக்குத் திரும்பி வந்தேன். ஏன்டா இவ்வளவு நேரம்னு அம்மா திட்டினா."

நியாஷாதான் கேட்டாள். "எப்படி நடந்துச்சு?"

வெர்லீன் தள்ளிவிட்ட சீட்டை மறுபடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"முனையில ரெண்டு பேர் நாற்காலி போட்டு உக்கார ஆரம்பிச்சாங்க. போற வர்ற பசங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. கார்ல வர்றவனையுந்தான். தன் பேர் தெரிஞ்சவங்க முன்னாடி துப்பாக்கி எடுக்க யாருக்கும் கை வரல. மெல்ல மெல்ல, அதைக் கொண்டு வர்றதையே விட்டாங்க."

"யாரு அந்த ரெண்டு பேர்?"

"எங்கம்மா. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரன், தொணதொணன்னு பேசிக்கிட்டே இருப்பான்."

ஹோசியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் ரொம்பப் பொறுமையான ஆளா இருந்திருப்பான்" என்றார், தன் சொந்தக் குரலில்.

அடுத்த மாதம் வெர்லீன் காலை ஷிஃப்டுக்கு மாறினாள். சாயங்காலங்களில் அவளும் ஹோசியாவும் தெருமுனைக் கடை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். முதலில் பையன்கள் கேலி செய்தார்கள்; பிறகு நின்று பேசினார்கள். இரண்டு தெரு தள்ளி ஒருநாள் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. மறுநாள் வீட்டிலேயே இருந்துவிடலாமா என்று வெர்லீன் நினைத்தாள். ஆனாலும் போனாள்.

அன்று கண்ணாடி கறுத்த கார் ஒன்று அவர்கள் எதிரே வேகம் குறைத்தது. வெர்லீன் எழுந்து நின்றாள்.

"உன் பேரு என்னப்பா?"

கண்ணாடி பாதி இறங்கியது. உள்ளே மீசை அரும்பாத முகம். "டேவியன், மேம்."

"நான் வெர்லீன். பாத்துப் போப்பா."

கார் நகர்ந்தது. அவள் அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.