ஆனியில் காய்ச்சிய பால்

"ஆடியில குடி மாத்த மாட்டேன்னா மாத்த மாட்டேன். நீ எம்புட்டு இங்கிலீசு பேசுனாலும் சரி!"

"அப்பா, இது வீடு இல்லப்பா. வெப்சைட்டு. இதுக்கு ஆடியும் கிடையாது, ஆவணியும் கிடையாது."

"யாரு பேர்ல இருக்கு? ஒங்காத்தா பேர்ல. வாசல் இருக்கு, போர்டு இருக்கு, வாறவுக போறவுக இருக்காக. அப்பறம் வீடு இல்லாம அது என்னாத்தா?"

எதிர்வீட்டில் குரல் இந்த உயரத்துக்கு ஏறியதும் நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டேன். நாகல் நகரில் எங்கள் சந்து அவ்வளவு அகலம்தான். அந்த வீட்டில் தாளித்தால் இந்த வீட்டில் தும்முவோம். ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே கிடையாது. மெஷின் சத்தத்தில் ஒரு வார்த்தை நழுவிவிடக் கூடாதே என்பதற்காகத்தான் நிறுத்தினேன்.

கத்தியவர் மொக்கைச்சாமி. குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காட்டை நம்பிப் பயனில்லை என்று டவுனுக்கு வந்து, முருங்கை விதை வாங்கி வெளிமாநிலத்துக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பி நிமிர்ந்தவர். எதிர்த்துப் பேசியவள் அவருடைய ஒரே மகள் அறிவுச்செல்வி. எம்.காம். முடித்தவள். பெண்டாட்டி பேரில் அவர் வைத்திருந்த 'அய்யம்மாள் எக்ஸ்போர்ட்ஸ்' உண்மையில் மகளின் பத்து விரலில்தான் ஓடியது. விலை கேட்டு வரும் மெயில்களுக்கெல்லாம் அவள்தான் பதில் எழுதுவாள். விதை நல்ல விதையா, சொத்தையா என்று கையில் அள்ளிப் பார்ப்பது மட்டும் அவர்.

சண்டைக்குக் காரணம் இதுதான். வெப்சைட் என்பது அந்தரத்தில் நிற்காதாம். ஏதாவது ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் வாடகைக்கு இடம் பிடித்துத்தான் வைக்க வேண்டுமாம். மெயில் பெட்டியும் அங்கேயேதானாம். இவர்கள் இடம் பிடித்திருந்த சென்னைக் கம்பெனி, ஜூலை கடைசியோடு கடையை மூடுகிறோம், எல்லாரும் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. ஜூலை கடைசி என்றால் நடு ஆடி. ஆனியிலேயே மாற்றலாம் என்றால், பஞ்சாங்கத்தில் மிச்சம் ஒரே ஒரு நல்ல நாள்தான் இருந்தது. அதற்குள் மொத்தத்தையும் மாற்ற முடியாது என்று சகாயசெல்வி சொல்லிவிட்டாள்.

சகாயசெல்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சந்து முனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவள், அறிவுச்செல்வியோடு ஒரே பெஞ்சில் படித்தவள், கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த சூட்டோடு இந்த வெப்சைட்டைக் கட்டியவள். எங்கள் மாதா கோயில் பாட்டுக் குழுவில் ஆர்மோனியமும் அவள்தான். கம்ப்யூட்டரோ ஆர்மோனியமோ, தெரியாத இடம் வந்தால் சத்தத்தைக் கூட்டிச் சமாளித்துவிடுவாள்.

அறிவுச்செல்விக்கு இருந்த பதற்றம் கம்பெனியைப் பற்றியது அல்ல. அது அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். ஆனி ஆரம்பத்தில், காலர் வைத்த சுடிதார் ஒன்று அவசரமாக வேண்டும் என்று வந்து நின்றாள். சும்மா தைத்துக் கொடுக்க நான் என்ன மெஷினா? துருவினேன். கொச்சியில் ஒரு மசாலா ஏற்றுமதிக் கம்பெனியில் இன்டர்வியூ. கூட்டாளி வீட்டு விசேஷம் என்று சொல்லிவிட்டு, சகாயசெல்வி துணையோடு போய் வந்தாள். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. அடுத்த மாதம் மெயிலில் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். போன் நம்பர் கொடுக்க முடியாது. வீட்டில் மணி அடித்தால் அப்பாதான் எடுப்பார். சும்மா கிடைக்கிற மெயில் முகவரியைக் கொடுத்தாலும் கௌரவமாக இருக்காது என்று அய்யம்மாள் எக்ஸ்போர்ட்ஸ் முகவரியையே கொடுத்திருந்தாள். அதில்தான் அவளுக்கு ஒரு கெத்து.

இன்னொரு பக்கம், ரெட்டியார்சத்திரத்திலிருந்து முகேஷ்குமார் என்றொரு மாப்பிள்ளையின் வீட்டார், ஆடி முடிந்ததும் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். டிராக்டர் உதிரிபாகக் கடை, பையன் சாது. ஆடியில் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள் இல்லையா, அதனால் அவளுக்குக் கிடைத்த அவகாசம் அந்த ஒரு மாதம்தான். அதற்குள் கொச்சி மெயில் வந்தால் போய்விடலாம். வராவிட்டால் ஆவணியில் தட்டைத் தூக்கிக்கொண்டு சொஜ்ஜி, பஜ்ஜியோடு வந்து நிற்க வேண்டியதுதான்.

சண்டையைத் தீர்த்துவைத்தது அய்யம்மாள். அந்த அம்மா வாயைத் திறப்பதே அபூர்வம். அன்று வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னது எனக்கு வாசல் வரை கேட்டது.

"எதுக்கு ரெண்டு பேரும் தொண்டையக் கிழிக்கிறீக? ஆடியில வீடு மாறணும்னா என்ன செய்வோம்? ஆனியிலயே நல்ல நாள் பாத்து, பாலக் காய்ச்சி, உப்பும் மஞ்சளும் வச்சுட்டு வந்துருவோம்ல. குடி போனதாக் கணக்கு. சாமானெல்லாம் பெறகு போகும்."

மொக்கைச்சாமியின் முகம் தெளிந்துவிட்டது. சகாயசெல்வியைக் கூப்பிட்டு விட்டார்கள். அவளும் யோசித்துவிட்டு, "செய்யலாம் மாமா. புது இடத்துல முதல் பக்கம் மட்டும் ஏத்திட்டு, பேரை அங்கிட்டுத் திருப்பி விட்டுர்றேன். மத்ததெல்லாம் சிடியில இருக்கட்டும், ஆவணியில இறக்கிக்கலாம்" என்றாள். மெயில் என்ன ஆகும் என்று அறிவுச்செல்வி கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். "அது பாட்டுக்குப் பழைய இடத்துல இருக்கும்டி. ஜூலை கடைசியில பாத்துக்கலாம்" என்று சத்தத்தைக் கூட்டினாள் ஆர்மோனியம்.

அந்த நல்ல நாளில் பிரவுசிங் சென்டர் பார்க்க வேண்டிய காட்சியாக இருந்தது. மானிட்டர் தலையில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் கல் உப்பும் மஞ்சள் கிழங்கும். மூலையில் பம்ப் ஸ்டவ்வில் பால். வேலைக்கு விண்ணப்பம் அடிக்க வந்த பையன்கள், ஸ்டவ் வெடித்துவிடுமோ என்று வாசலில் நின்றார்கள். பால் பொங்கும் நேரம் பார்த்து, ஜெபமாலை போட்ட சகாயசெல்வி, திரையில் பிள்ளையார் படத்தை ஏற்றினாள். கீழே கம்பெனி பேரும் மொக்கைச்சாமியின் போன் நம்பரும். "இந்தா, அல்போன்சா, நீயும் குடி" என்று அய்யம்மாள் எனக்கும் ஒரு டம்ளர் நீட்டியது. சீனி தூக்கலாகப் போட்டிருந்தார்கள்.

ஆடி பிறந்தது. எங்களுக்குக் கோயிலில் ஆடி கிடையாதே தவிர, தையல்காரிக்கு உண்டு. கல்யாண ஜாக்கெட் ஒன்றும் வராது. சும்மா உட்கார்ந்து அறிவுச்செல்வியை நன்றாகப் பார்த்தேன். முதல் இரண்டு நாள் சாதாரணமாக இருந்தாள். மெயில்கள் வந்துகொண்டிருந்தன. நாக்பூரிலிருந்து யாரோ விலை கேட்டார்கள்; பதில் போட்டாள். பிறகு நின்றுவிட்டது. பழைய கம்பெனியின் வாசல் வழியாகவே உள்ளே போய்த் தன் பெட்டியைத் திறப்பாள். திறக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. மறுபடி திறப்பாள். வீட்டில் பார்ப்பாள், லைன் கட்டாகிவிட்டது என்று சகாயசெல்வி கடைக்கு ஓடுவாள், அந்தக் கம்ப்யூட்டரில் கோளாறோ என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேறொரு சென்டருக்குப் போவாள். ஓரிடத்தில் பழைய முகப்பு தெரிந்ததாம், இன்னொன்றில் பிள்ளையார் தெரிந்தாராம். ஊருக்கெல்லாம் புது விலாசம் தெரியக் கொஞ்ச நாள் பிடிக்குமாம். வீட்டுக்கும் முனைக்கும் அவள் நடந்த நடையில் செருப்பு வார் அறுந்து, அதை என்னிடமே ஊசி வாங்கித் தைத்துப் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, எனக்கு வேலை இல்லைன்னாச்சும் ஒரு வரி எழுத மாட்டாகளா?" என்றாள் ஒருநாள், என் கத்தரிக்கோலை எடுத்து ஒன்றுமில்லாத துணியை வெட்டிக்கொண்டே.

"எழுதுவாக எழுதுவாக. துணிய விடு, அது லைனிங்கு."

கோபம் வரவேண்டிய மொக்கைச்சாமிக்கு ஒன்றுமே உறைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஆர்டர் ஒன்றும் வரவில்லையே என்று மகள் கேட்டதற்கு, "ஆடியில வியாபாரம் மந்தமாத்தான் இருக்கும். நூல் கடைக்காரன் ஈ ஓட்டுறான், நமக்கு மட்டும் கூட்டம் கூடுமா?" என்று கயிற்றுக் கட்டிலில் மல்லாந்துவிட்டார். வெள்ளைக்காரனுக்கு எங்கேயடா ஆடி என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை, எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

நாக்பூர்க்காரர்தான் உடைத்தார். ஒரு மத்தியானம் போன் செய்து இந்தியில் ஏதோ கேட்க, மொக்கைச்சாமி "ஹாங் ஹாங்" என்று தெரிந்த ஒரே இந்தியைப் பேசிவிட்டு மகளிடம் கொடுத்தார். அவள் கேட்டாள். கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்துவிட்டாள். "கம்பெனிய மூடிட்டீங்களான்னு கேக்குறாருப்பா. நமக்கு அனுப்புற மெயிலெல்லாம் அவருக்கே திரும்பிப் போகுதாம்."

அவள் சகாயசெல்வி கடைக்குப் போன வேகத்தில் நானும் போனேன். முனையில் எனக்கு நூல் வாங்க வேண்டியிருந்தது. சகாயசெல்வி தன் சொந்த மெயிலிலிருந்து அறிவுச்செல்விக்கு ஒரு வரி அடித்து அனுப்பினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் திரும்பி வந்துவிட்டது. இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. "என்னடி போட்ருக்கு?" என்றேன். அறிவுச்செல்விதான் சொன்னாள், அடங்கிய குரலில்.

"இந்தப் பேர்ல இங்க யாரும் இல்லையாம், அக்கா."

விஷயம் இவ்வளவுதான். பேரைப் புது வாசலுக்குத் திருப்பியதும் தபாலும் அங்கேதான் போகும்; அது சகாயசெல்விக்குத் தெரியவில்லை. ஆட்களுக்கான பெட்டி ஒன்றும் அங்கே வைக்கவில்லை. பிள்ளையார் மட்டும் தனியாக உட்கார்ந்துகொண்டு, வந்த தபாலையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். சகாயசெல்வி அழுதுகொண்டே அந்த நிமிஷமே பெட்டி வைத்தாள். அடுத்த மெயில் திரும்பவில்லை. திரும்பிப் போனவை போனவைதான்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து அறிவுச்செல்வி கொச்சிக்குப் பேசினாள். கதவுக்கு வெளியே நின்றதால் எனக்குப் பாதிதான் கேட்டது. மீதியைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அனுப்பினார்களாம், திரும்பி வந்ததாம், மறுபடி அனுப்பினார்களாம். வேறொருத்தரைக் கூப்பிட்டுவிட்டார்களாம், அவர் இன்னும் சேரவில்லையாம். திங்கட்கிழமை நேரில் வந்தால் பேசிப் பார்க்கலாம், உறுதி ஒன்றும் சொல்ல முடியாது என்றிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வரும்போதே சந்தில் சத்தம். அவள் பையோடு வாசலில் நின்றாள். எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

"உறுதியில்லாத வேலைக்கு ஊரு விட்டு ஊரா? அதுவும் ஆடியில? வாசப்படி தாண்டுனா நல்லாருக்குமா?"

"நான் ஆடியில போகலப்பா. ஆனியிலயே போயாச்சு. அந்த ஆபீசுல போய் உக்காந்து, அவுக குடுத்த டீயக் குடிச்சிட்டுத்தான் வந்தேன்." பையைத் தோளில் மாட்டினாள். "குடி போனதாத்தான் கணக்கு. இப்ப சாமான் போகுது."

மொக்கைச்சாமியுடைய சட்டம், அவர் பெண்டாட்டி சொன்ன வழி. அய்யம்மாள் உள்ளே போய் ஒரு பொட்டலம் தயிர்ச்சாதத்தைக் கொண்டுவந்து மகள் பையில் திணித்தது. கொச்சிக்குப் போகப் பழனி பஸ் பிடிக்க அவள் முனை திரும்பும்வரை அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் மெஷினை மிதித்தேன்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் சிடியிலிருந்து சாமான்களை இறக்கினார்கள். பால் காய்ச்சவில்லை. அதே ஆவணியில் முகேஷ்குமாருக்கு வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு டீச்சரோடு கல்யாணமாயிற்று. பெண்ணுக்கு ஜாக்கெட் நான்தான் தைத்தேன், கை கொஞ்சம் இறுக்கம். சகாயசெல்வி அடுத்த மே மாதம் கல்யாணம் முடித்துத் திருப்பூருக்குப் போனாள். கம்ப்யூட்டர்களை விற்றுவிட்டுப் போனாலும், எதிர்வீட்டுக் கம்ப்யூட்டரில் மொக்கைச்சாமிக்குத் தமிழில் தட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போனாள். அறிவுச்செல்வி அந்த வேலை கிடைத்துக் கொச்சியிலேயே நிலைத்துவிட்டாள். கூட வேலை பார்க்கும் செழியன் என்ற பையனை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்தாள், அதுவும் நல்ல ஆடி மாதத்தில். அய்யம்மாள் மட்டும் போய்வந்தது. அவர் போகவில்லை, போனிலும் பேசுவதில்லை.

ஆனால் சாயங்காலங்களில் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேனே. ஒற்றை விரலால் தேடித் தேடி நாலு வரி தட்டுகிறார். அய்யம்மாள் எக்ஸ்போர்ட்ஸில் மகளுக்கு இருந்த பழைய முகவரிக்குத்தான். அவள் அதை இப்போதும் திறக்கிறாளா என்று யாருக்குத் தெரியும்? கேட்டால் அய்யம்மாள் சிரிக்கும், அவ்வளவுதான். அனுப்பிவிட்டு அவர் எழுந்திருப்பதில்லை. அடுப்பில் பாலை வைத்தவர் மாதிரி முன்னால் குனிந்து, திரும்பி வந்துவிடுமோ என்று செத்த நேரம் திரையையே பார்க்கிறார். வராது. வரவில்லை என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு, விளக்கை அணைக்கிறார்.